சொத்து எது, திருட்டு எது: புகார் எழுதும் முன் எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது?

ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ஒருவர் சில மாதங்களுக்கு முன் ஐந்து பக்கப் புகாரோடு என் அலுவலகத்துக்கு வந்தார். கோடு போட்ட முழுத் தாளில் அவரே கைப்பட எழுதியது. இரவெல்லாம் உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்பது கையெழுத்திலேயே தெரிந்தது. முதல் பக்கத்தில் நிமிர்ந்து நின்ற எழுத்து ஐந்தாம் பக்கத்தில் சாய்ந்து படுத்திருந்தது. "காவல் நிலையத்தில் கொடுக்கப் போகிறேன், ஒரு தடவை பார்த்துவிடுங்கள் சார்" என்றார்.

அதில் ஏழு இழப்புகள் இருந்தன. குடோனிலிருந்து பித்தளைக் குழாய்ப் பெட்டிகளை அங்கே வேலை செய்த ஆள் எடுத்துப் போயிருந்தார். வசூலுக்குப் போன கணக்கர் ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாயைக் கடையில் கட்டவில்லை. அதே கணக்கர் வேலையை விடும் முன் வாடிக்கையாளர் பட்டியலையும் கொள்முதல் விலைகளையும் தன் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு, இரண்டு தெரு தள்ளித் திறந்த புதுக் கடையில் சேர்ந்துவிட்டார். கடையின் செல்போன் டீக்கடையில் தவறிப்போனது. குடோனுக்குப் பின்னால் உள்ள மனையில் நான்கு தென்னைகள். காய்களை யாரோ இறக்கிக்கொண்டு போனார்கள். பக்கத்து மனைக்காரர் இரண்டடி உள்ளே தள்ளி வேலி போட்டார். மின்கம்பத்திலிருந்து குடோனுக்கு வரும் சர்வீஸ் வயரில் கொக்கியும் போட்டார். ஏழுக்கும் அவர் எழுதியிருந்த வினைச்சொல் ஒன்றேதான்: திருடினார்கள்.

அவருடைய கோபம் நியாயமானது. இருபது வருடம் உழைத்துச் சேர்த்ததை நாலாபுறமும் பிய்த்துக்கொண்டு போனால் யாருக்கும் அந்த ஒரு சொல்தான் வாயில் வரும். ஆனால் குற்றவியல் சட்டத்தில் அந்த ஏழில் திருட்டுப் பிரிவுக்குள் நேராக வருவது இரண்டுதான். மற்ற ஐந்துக்கும் வேறு வாசல்கள் இருக்கின்றன. தவறான வாசலைத் தட்டினால் வருடக் கணக்கில் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

சொத்து என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது நிலமும் வீடும். ஊரில் ஒருவரைச் சொத்துக்காரர் என்றால் ஏக்கர் கணக்கைத்தான் நினைக்கிறோம். திருட்டுச் சட்டத்தில் இது தலைகீழ். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது பி.என்.எஸ்., 303-ஆம் பிரிவில் திருட்டை இப்படி வரையறுக்கிறது: ஒருவருடைய உடைமையில் இருக்கும் அசையும் சொத்தை, அவருடைய சம்மதம் இல்லாமல், நேர்மையற்ற நோக்கத்தோடு எடுத்துக்கொள்வதற்காக நகர்த்துவது. அசையும் சொத்து என்பதிலிருந்து நிலமும், நிலத்தோடு ஒட்டியவையும், அப்படி ஒட்டியதோடு நிலையாகப் பொருத்தப்பட்டவையும் விலக்கப்பட்டிருக்கின்றன. ஊரில் மிகப் பெரிய சொத்து எதுவோ அதை இந்தப் பிரிவின்படி திருடவே முடியாது.

ஆகவே அந்த இரண்டடி நிலம் போனது இழப்புதான். ஆனால் திருட்டு ஆகாது. அதற்கு அளவையர் அளந்த வரைபடமும், உரிமையியல் நீதிமன்றத்தில் ஒரு வழக்கும், மிரட்டவோ தொல்லை கொடுக்கவோ உள்ளே நுழைந்திருந்தால் 329-ஆம் பிரிவின்படி அத்துமீறல் புகாரும் வேண்டும். போலிப் பத்திரம் போட்டு எழுதி வாங்கியிருந்தால் அது இன்னொரு குற்றம். இந்த வகைப் புகார்கள் எவ்வளவு குவிந்தன என்றால், 2011-இல் தமிழ்நாட்டுக் காவல் துறையில் நில அபகரிப்புக்கென்றே தனிப் பிரிவுகள் தொடங்கப்பட்டன.

ஆனால் அதே இரண்டடியிலிருந்து ஒரு லாரி மண்ணை வெட்டி எடுத்துப் போயிருந்தால் கதை மாறிவிடும். நிலத்தோடு ஒட்டியிருக்கும் வரைதான் மண் நிலம். வெட்டியெடுத்த கணத்தில் அது அசையும் பொருள். 1904-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு ஒருவருடைய நிலத்திலிருந்து கல்லை வெட்டி எடுத்துப் போவதும் திருட்டாகும் என்று சொன்னது. மணல் கொள்ளை நாடெங்கும் பெருகிய பிறகு, 2014-இல் உச்ச நீதிமன்றம் டெல்லி அரசு எதிர் சஞ்சய் வழக்கில், ஆற்று மணலை அனுமதியின்றி அள்ளுவோர் மீது கனிமச் சட்டத்தோடு திருட்டுப் பிரிவிலும் வழக்குத் தொடரலாம் என்று தெளிவாக்கியது. மணல் அள்ளுவதைப் பற்றிப் புகார் கொடுக்கும் கிராமத்தார் "ஆற்றைத் திருடுகிறார்கள்" என்று எழுதுவதை விட, எந்தத் தேதியில், எத்தனை வண்டி, எந்த எண் என்று எழுதினால் போதும். பிரிவு தானாக வந்து உட்காரும்.

தென்னையும் அப்படித்தான். மரத்தில் தொங்கும் வரை காய் நிலத்தோடு ஒட்டியது. அரிவாள் குலையில் பட்டதும் அசையும் சொத்து. அறுப்பதும் நகர்த்துவதும் ஒரே செயலாக இருந்தாலும் திருட்டுதான் என்று பிரிவின் விளக்கமே சொல்கிறது. கடைக்காரர் கேட்டார்: "அப்படியானால் தேங்காய்க்கு எஃப்.ஐ.ஆர். போடுவார்களா?" இங்கேதான் புதுச் சட்டம் ஒரு கோடு போட்டிருக்கிறது. திருட்டுக்குப் பொதுவாக மூன்று வருடம் வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆனால் பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதல் முறை தண்டனை பெறுபவர் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவைதான் தண்டனை. அந்த வகைத் திருட்டில் மாஜிஸ்திரேட்டின் உத்தரவு இல்லாமல் காவல் துறை புலன்விசாரணை செய்ய முடியாது. உத்தரவு வாங்கித்தான் மேலே போக முடியும். நான்கு மரத்துக் காய்க்கு ஐயாயிரம் வராது. இருந்தும் புகார் கொடுப்பது வீண் என்று நான் சொல்ல மாட்டேன். வருடத்துக்கு ஆறு வெட்டு நடக்கும் தோப்பில் முதல் தடவையே எழுத்தில் பதிந்து ரசீது வாங்கி வைப்பது நல்லது. ஆனால் அதைப் பித்தளைக் குழாய்ப் புகாரோடு சேர்த்துக் கட்டினால் பெரிய புகாரையும் அது கீழே இழுத்துவிடும்.

இனி அவருடைய புகாரின் நடுப்பகுதிக்கு வருகிறேன். ஒரே கடையில் வேலை செய்த இரண்டு பேர், ஒரே முதலாளியின் காசு. ஒன்று திருட்டு, மற்றது நம்பிக்கை மோசடி. ஏன்?

குடோனில் இருக்கும் சரக்கு, அதைக் காவல் காக்கும் பணியாளரின் கையில் இருந்தாலும் சட்டப்படி முதலாளியின் உடைமையில்தான் இருக்கிறது. எழுத்தரோ பணியாளரோ வாழ்க்கைத் துணையோ ஒருவருக்காக வைத்திருக்கும் பொருள் அவருடைய உடைமையில் உள்ளதே என்று சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. எனவே பணியாளர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் முதலாளியின் கையிலிருந்து எடுத்ததாகவே பொருள். அது 306-ஆம் பிரிவு: பணியாளர் செய்யும் திருட்டு, ஏழு வருடம் வரை சிறை. வசூல் பணம் அப்படி இல்லை. வாடிக்கையாளர் கொடுத்த ரூபாய் நோட்டு முதலாளியின் கைக்கு ஒரு நாளும் வரவில்லை. வசூலித்து வரச் சொல்லி முதலாளிதான் கணக்கரை நம்பி அனுப்பினார். அந்த நம்பிக்கையில் அவர் கைக்கு வந்ததை அவர் விழுங்கினார். அது 316-ஆம் பிரிவு, குற்றமுறு நம்பிக்கை மோசடி. எழுத்தர் அல்லது பணியாளர் செய்தால் அதற்கும் ஏழு வருடம் வரை சிறை.

தண்டனை ஒன்றேதானே, எந்தப் பெயரில் போனால் என்ன என்று கேட்கலாம். நிரூபிக்க வேண்டியது வேறு. திருட்டில் நீங்கள் காட்ட வேண்டியது: பொருள் இருந்தது, சம்மதம் இல்லாமல் நகர்ந்தது. அதற்கு இருப்புப் பதிவேடு வேண்டும், சிசிடிவி பதிவு வேண்டும், கதவின் சாவி யாரிடம் இருந்தது என்பது வேண்டும். நம்பிக்கை மோசடியில் காட்ட வேண்டியது: ஒப்படைத்தேன், ஒப்படைத்ததை அவர் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்கு ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டை, வாடிக்கையாளர்களின் வாக்குமூலம், வங்கிக் கணக்கின் வரவுப் பக்கம். வசூல் பணத்தைத் திருட்டு என்று எழுதிவிட்டு சிசிடிவி தேடிக்கொண்டிருந்தால் கிடைக்காது. அந்தப் பணம் கேமராவுக்கு முன்னால் வரவே இல்லை.

316-இல் இன்னொரு வசதி உண்டு. அங்கே சட்டம் 'அசையும் சொத்து' என்று சுருக்கவில்லை, 'சொத்து' என்று மட்டும் சொல்கிறது. 1962-இல் ஆர்.கே. டால்மியா வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு, ஒரு நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் இருக்கும் தொகையும் நம்பிக்கை மோசடிக்கு உட்பட்ட சொத்துதான் என்றது. வங்கிக் கணக்கில் இருப்பது கையில் தொடும் நோட்டு அல்ல, வங்கியிடமிருந்து கேட்டுப் பெறும் உரிமை. அந்த உரிமையை 'எடுத்து நகர்த்தினான்' என்று காட்டுவது கடினம். 'ஒப்படைத்ததைத் திருப்பிக்கொண்டான்' என்று காட்டுவது எளிது. சங்கம், அறக்கட்டளை, குடியிருப்போர் நலச்சங்கம் இவற்றின் பணம் போய்விட்டது என்று வருகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் முதல் வழி இதுதான்.

பெண்களின் நகை விஷயத்தில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையானது. கல்யாணத்தின்போது தாய்வீடு போட்ட நகையைப் புகுந்த வீட்டார் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டார்கள், இப்போது தர மறுக்கிறார்கள் என்று எழுத வரும் பெண்கள் பெரும்பாலும் 'திருடிவிட்டார்கள்' என்றே எழுதுகிறார்கள். அப்படி எழுதினால் "நீங்களே கொடுத்ததுதானே, திருட்டு எங்கே?" என்று ஒரே கேள்வியில் திருப்பி அனுப்பிவிட முடியும். 'பாதுகாப்பாக வைக்கச் சொல்லி ஒப்படைத்தேன், கேட்டபோது தர மறுத்தார்கள்' என்று எழுதினால் அந்தக் கேள்வியே எழாது. 1985-இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சீதனம் மனைவிக்கே முழு உரிமையுள்ள சொத்து என்றும், கணவன் கையில் அது இருப்பது ஒப்படைப்புதான் என்றும், திருப்பித் தராவிட்டால் நம்பிக்கை மோசடி வழக்குத் தொடரலாம் என்றும் தீர்ப்பளித்தது. ஒரு வினைச்சொல்லை மாற்றி எழுதியதால் நகை திரும்பி வந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

செல்போனுக்கு வருவோம். டீக்கடை பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். பத்து நிமிடத்தில் திரும்பிப் போனபோது இல்லை. இது திருட்டா? சட்டத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. ஒருவர் குடியிருக்கும் வீட்டின் மேஜையில் கிடக்கும் மோதிரத்தை எடுத்தால் திருட்டு, ஏனென்றால் அது வீட்டுக்காரரின் உடைமையில் இருக்கிறது. பெருஞ்சாலையில் யார் உடைமையிலும் இல்லாமல் கிடக்கும் மோதிரத்தை எடுத்தால் திருட்டு அல்ல; ஆனால் 314-ஆம் பிரிவின் கையாடலாக இருக்கலாம். தவறவிட்ட செல்போன் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயாவது நிற்கும். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே எடுத்தார்களா, போன பிறகு கண்டெடுத்தார்களா என்பதுதான் கேள்வி.

கண்டெடுத்தவர் எல்லாரும் குற்றவாளி இல்லை. உரியவரைக் கண்டுபிடிக்க நியாயமான முயற்சி எடுத்து, நியாயமான காலம் காத்திருக்க வேண்டும் என்பதுதான் சட்டம் கேட்பது. செல்போனில் உரியவரே அழைப்பார். அந்த அழைப்பை எடுக்காமல் சிம் கார்டைக் கழற்றிப் போட்டார் என்றால் நோக்கம் வெளிப்பட்டுவிட்டது. இதில் தேர்வு எளிதல்ல. திருட்டு என்றால், 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட போனாக இருந்தால், காவல் துறை நேராக வழக்குப் பதியலாம். கையாடல் என்றால் குறைந்தது ஆறு மாதம், அதிகமாக இரண்டு வருடம் சிறை உண்டு. ஆனால் மாஜிஸ்திரேட் அனுமதி இல்லாமல் விசாரணை நகராது. அதனால் சட்டைப்பையிலிருந்து உருவினார்கள் என்று மாற்றி எழுதச் சொல்லும் யோசனை எங்கிருந்தாவது வரும். தயவுசெய்து கேட்காதீர்கள். டீக்கடையின் கேமரா பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருக்கும். பொய்த் தகவல் கொடுப்பது தனிக் குற்றம். பெஞ்சில் வைத்தேன், பத்து நிமிடத்தில் இல்லை, அழைத்தேன், மூன்று தடவை மணி அடித்து நின்றது, பிறகு அணைந்துவிட்டது என்று நடந்ததை நடந்தபடி எழுதினால், அந்த வரிசையே எந்தப் பிரிவு என்று சொல்லிவிடும். புகார் ரசீது கையில் இருந்தால் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில், போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணை முடக்கவும் விண்ணப்பிக்கலாம். போன் கிடைப்பதற்கு அதுதான் நடைமுறையில் பெரிய துணை.

பென்டிரைவ்தான் என்னை நீண்ட நேரம் யோசிக்க வைத்தது. கடைக்காரர் சொன்னார்: "சார், என் இருபது வருடம் அதில் இருக்கிறது." உண்மை. எந்த மேஸ்திரி எந்தக் குழாய் வாங்குவார், யாருக்கு எத்தனை நாள் கடன், எந்த ஊர் ஆலையில் என்ன விலை, எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தது. ஆனால் கணினியைத் திறந்தால் பட்டியல் அப்படியே இருக்கிறது. எதுவும் போகவில்லை. போகாத பொருளைத் திருடினார் என்று எப்படிச் சொல்வது?

காகிதக் கோப்பாக இருந்திருந்தால் வழி நேராக இருந்திருக்கும். 1962-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த பியாரே லால் பார்கவா வழக்கில், ஆல்வாரில் ஒரு தலைமைப் பொறியாளர் அலுவலகத்தின் கோப்பு வெளியே போய்த் திரும்பி வந்தது. திரும்பி வந்துவிட்டதே என்று வாதாடினார்கள். கொஞ்ச நேரத்துக்கு எடுத்தாலும் திருட்டுதான் என்றது நீதிமன்றம். அதற்கு முன்பே, ஜோத்பூரில் பயிற்சியில் இருந்த விமானப்படை மாணவர் அனுமதியின்றி விமானத்தை ஓட்டிப்போய்ப் பாகிஸ்தானில் இறக்கிய மெஹ்ரா வழக்கிலும் 1957-இல் இதே நிலைதான். 2019-இல் பிர்லா கார்ப்பரேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஓர் அடி எடுத்து வைத்து, ஆவணமும் அதில் அடங்கிய தகவலும் திருட்டுக்கு உட்படக்கூடியவை என்றது. ஆனால் அந்த வழக்கில், சட்டப்பூர்வமான தம் உரிமைக்காக ஆவணங்களை நீதிமன்றத்தில் தாக்கல் செய்தவர்களிடம் நேர்மையற்ற நோக்கம் இல்லை என்று புகாரை ரத்து செய்தது.

வெளிநாடுகளிலும் இதே இடத்தில்தான் தடுக்கி நின்றிருக்கிறார்கள். இங்கிலாந்தின் 1968-ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டம் தொட முடியாத சொத்தையும் சேர்த்துக்கொள்கிறது. இருந்தும், லிவர்பூல் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் தேர்வுக்கு முன்பே வினாத்தாளைப் படித்துவிட்ட வழக்கில், அதிலிருந்த தகவல் சொத்து அல்ல என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. நெதர்லாந்து உச்ச நீதிமன்றமோ 2012-இல் ஒரு கணினி விளையாட்டில் மட்டுமே இருக்கும் தாயத்தையும் முகமூடியையும் ஒரு சிறுவனை அடித்துப் பறித்தது திருட்டுதான் என்றது. அங்கே ஒரு வேறுபாடு உண்டு: தாயத்து இவனிடமிருந்து போய் அவனிடம் சேர்ந்தது. நகலெடுப்பதில் அப்படிப் போவது எதுவும் இல்லை.

நம் சட்டத்தில் ஒரு சிறு மாற்றம் நடந்திருக்கிறது, அதிகம் பேர் கவனிக்கவில்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின், அதாவது இ.த.ச.வின், 22-ஆம் பிரிவு அசையும் சொத்து என்றால் 'பருப்பொருளான' சொத்து என்றது. பி.என்.எஸ். 2(21)-இல் அந்த அடைமொழி இல்லை. 'எல்லா வகைச் சொத்தும்' என்று மட்டும் இருக்கிறது. தொட முடியாதவையும் உள்ளே வர இது கதவைத் திறக்கிறது. கிரிப்டோ கரன்சி போன்றவற்றுக்கு இது பெரிய விஷயம். 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் ஓர் உரிமையியல் வழக்கில் கிரிப்டோவைச் சொத்து என்றே ஏற்றுக்கொண்டது. ஆனாலும் 'உடைமையிலிருந்து எடுத்து நகர்த்துவது' என்ற நிபந்தனை 303-இல் அப்படியேதான் இருக்கிறது. எனவே நகலெடுத்த பட்டியலுக்குத் திருட்டுப் பிரிவை மட்டும் நம்பி இறங்குவது, என் மதிப்பீட்டில், முதலாளியின் செலவில் சட்டத்தைச் சோதித்துப் பார்ப்பது. அவருக்கு அது வேண்டாம்.

அவருக்கென்றே எழுதியதுபோல இன்னொரு சட்டம் இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, உரிமையாளரின் அனுமதியின்றித் தரவைப் பதிவிறக்குவதையும் நகலெடுப்பதையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவின்படி மூன்று வருடம் வரை சிறையோ, ஐந்து லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ. 'போயிற்றா, இருக்கிறதா' என்ற கேள்வியே அங்கே இல்லை. ஜாமீன் எளிதில் கிடைக்கும் குற்றம் என்பது இதன் குறை. கணக்கருக்குக் கணினியைப் பயன்படுத்த அனுமதி இருந்ததே என்ற வாதத்துக்குப் பதில் தயாராக வைத்திருக்க வேண்டும். வேலை நியமனக் கடிதத்தில் தரவு பற்றி ஒரு வரி இருந்தால் அது பொன். இவருடைய கடையில் நியமனக் கடிதமே கிடையாது. பென்டிரைவ் எந்த நாளில், எந்த மணிக்குச் செருகப்பட்டது என்ற கணினிப் பதிவை, சாட்சியச் சட்டம் கேட்கும் சான்றிதழோடு எடுத்து வைக்கச் சொன்னேன். இரண்டு சட்டத்தையும் சேர்த்துப் போட்டால் பலம் கூடுமே என்றார். 2018-இல் பம்பாய் உயர் நீதிமன்றம், ஊழியர்கள் மென்பொருள் தரவை எடுத்துப் போனதாகச் சொல்லப்பட்ட வழக்கில், தகவல் தொழில்நுட்பச் சட்டம் முழுமையாகக் கையாளும் செயலுக்கு இ.த.ச. பிரிவுகளையும் ஏற்றக்கூடாது என்று அந்தப் பகுதியை ரத்து செய்ததைச் சொன்னேன்.

மின்சாரத்தில் தேர்வு செய்ய அதிகம் இல்லை. 1921-இல் ஹேக் நகரப் பல் மருத்துவர் ஒருவர் மீட்டரை நிறுத்தி மின்சாரம் எடுத்தபோது நெதர்லாந்து நீதிமன்றம் மின்சாரமும் பொருள்தான் என்று தண்டித்தது. நம் உச்ச நீதிமன்றம் அவ்தார் சிங் வழக்கில், மின்சாரத்தை எடுப்பது குற்றமாவது மின்சாரச் சட்டத்தால்தான், தண்டனைச் சட்டத்தால் அல்ல என்ற வழியில் போனது. இன்று 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு அதைத் திருட்டு என்றே பெயரிட்டுத் தண்டிக்கிறது. கொக்கி விழுந்தது மீட்டருக்கு முன்னால் என்பதால் புகார் மின்வாரியத்துக்குப் போக வேண்டும். அவர்கள் வந்து பார்த்து மகஜர், அதாவது நேரில் கண்டதன் பதிவு, எழுதும் வரை கொக்கியில் கை வைக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

ஏமாற்றுதல், அதாவது 318, இவர் புகாரில் இல்லை. ஆனால் எல்லாரும் கடைசியில் ஒரு 'சீட்டிங்' சேர்க்கச் சொல்வதால் ஒரு வார்த்தை. பொய் சொல்லி, அதை நம்பி நீங்களே கையால் கொடுத்திருந்தால்தான் அது ஏமாற்றுதல். கொடுத்த நாளிலேயே அவர் மனதில் பொய் இருந்திருக்க வேண்டும். நம்பிக்கை மோசடியில் முதலில் நம்பிக்கை நேர்மையாகவே தொடங்குகிறது, பிறகு கெடுகிறது. ஒரே பணத்துக்கு இரண்டும் ஒருசேரப் பொருந்தாது என்பதை 2024 ஆகஸ்டில் டெல்லி ரேஸ் கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றம் வருத்தத்தோடு நினைவூட்டியது. இத்தனை காலமாகியும் இந்த வேறுபாடு புரியாமல் வழக்குகள் பதியப்படுகின்றன என்றது. ஆன்லைனில் பணம் போனதென்றால் பிரிவைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். முதலில் சைபர் மோசடிக்கான உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள், தாள் பேனாவெல்லாம் பிறகு.

ஒரு விஷயம் கடைக்காரரை ஆச்சரியப்படுத்தியது. தன் சொந்தப் பொருளையே ஒருவர் திருட முடியும். பழுது பார்க்கக் கொடுத்த கடிகாரத்தை, கூலி பாக்கி இருக்கும்போது, அதற்கு ஈடாகக் கடைக்காரர் பிடித்து வைத்திருக்கையில், சொல்லாமல் தூக்கிக்கொண்டு வந்தால் சொந்தக்காரரே திருடர் என்று சட்டத்தின் உதாரணமே சொல்கிறது. திருட்டுச் சட்டம் காப்பது உரிமைப் பத்திரத்தை அல்ல, கையில் இருப்பதை. அதனால்தான் யாருடைய பொருள் என்பதை விட, அந்த நேரத்தில் யார் கையில் இருந்தது என்பதைப் புகாரில் முதலில் எழுதச் சொல்கிறேன்.

புகார்தாரர் பிரிவு எண்ணை எழுத வேண்டியதே இல்லை. அது காவல் நிலையத்தின் வேலை. அவர் எழுத வேண்டியது வினைச்சொல். எடுத்தார். கண்டெடுத்து வைத்துக்கொண்டார். நம்பிக் கொடுத்ததைத் தனக்காக்கிக்கொண்டார். பொய் சொல்லி வாங்கினார். நகலெடுத்தார். கொக்கி போட்டார். வேலியைத் தள்ளினார். தமிழில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வினை இருக்கிறது. ஒவ்வொரு வினைக்கும் ஏறக்குறைய ஒரு பிரிவு இருக்கிறது. எல்லாவற்றையும் திருட்டில் போட்டு அமுக்கும்போது நடந்தது என்ன என்பதே மறைந்துவிடுகிறது. நிகழ்ந்தது 2024 ஜூலை 1-க்கு முன் என்றால் பழைய இ.த.ச.தான் பொருந்தும் என்பதால் தேதியும் அந்த வினையோடு ஒட்டியே வர வேண்டும்.

அன்று மாலைக்குள் ஐந்து பக்கத்தை ஆறு தாள்களாகப் பிரித்தோம். பித்தளைக் குழாயும் வசூல் பணமும் வெவ்வேறு ஆள் செய்த வெவ்வேறு செயல் என்பதால் காவல் நிலையத்துக்கே இரண்டு தனிப் புகார்கள். செல்போனுக்கும் தேங்காய்க்கும் தனித்தனிச் சிறு மனுக்கள். பட்டியலுக்குச் சைபர் குற்றப் பிரிவுக்கு ஒன்று, கொக்கிக்கு மின்வாரியத்துக்கு ஒன்று. வேலிக்குப் புகார் எழுதவில்லை. அளவையரிடம் மனு கொடுத்துவிட்டு வரச் சொன்னேன்.

அவர் எல்லாவற்றையும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். "திருடினார் என்ற வார்த்தை குழாயிலும் தேங்காயிலும் மட்டும்தான் இருக்கிறது" என்றார். ஆமாம் என்றேன். குழாய்ப் புகாரில் பெட்டிகளின் எண்ணிக்கைக்கு இடம் விட்டிருந்தேன். இருப்புப் பதிவேட்டை எடுத்துவர அவர் கடைக்குக் கிளம்பினார்.